வெறுங்காடு: ஒரு சொல்லும் சில கலைகளும்

நவீன ஓவியம், சிற்பம் பற்றித் தமிழில் நடந்த விவாதங்கள் பெரும்பாலும் சட்டகத்துக்குள் இருப்பதைப் பற்றியவை. சட்டகத்தையும் கூடத்தையும் விட்டு வெளியேறி, வெட்டவெளியில் மண்ணையும் கல்லையும் கொண்டு செய்யப்பட்ட கலையைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. பேச்சு வந்தால் அதை அமெரிக்கப் பணக்காரர்களின் விளையாட்டு என்று தள்ளிவிடுகிறோம். இல்லாவிட்டால், ‘எங்க அய்யனார் குதிரை அன்னைக்கே வெட்டவெளியிலதான நின்னுச்சு’ என்று மார்தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டுமே யோசிக்காமல் தப்பிப்பதற்கான வழிகள்தான்.

ஆனி மாதத்து சனி, ஞாயிறு ஒன்றில் நண்பர்கள் மூவர் சரவணம்பட்டியிலிருந்து திருச்செந்தூருக்குப் பக்கத்திலுள்ள தேரிக்காட்டுக்குப் போய் வந்தோம். பாலைவனம் என்று தமிழ்நாட்டில் ஒன்றைச் சொல்வதானால் இந்தச் செம்மணல் மேடுகளைத்தான் சொல்ல வேண்டும். அங்கே வெட்டவெளியில் நிற்கிற சாமிகளையும் அவற்றைச் சுற்றி நடக்கிற சடங்குகளையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் நோக்கம். அந்தப் பயணத்தை முன்வைத்து ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். ஒரு நிலத்தைக் ‘காலி’ என்று சொல்கிற அதிகாரம் யாருடையது? அப்படிச் சொல்லி முடித்தபின் அங்கே வந்து நிற்பது எது?

1

முதலில் அமெரிக்கக் கதை. 1960களின் கடைசியில் அங்கே சில கலைஞர்கள் நியூயார்க்கின் கலைக்கூடங்களை வெறுத்து மேற்குப் பாலைநிலங்களுக்குப் போனார்கள். வாங்கவும் விற்கவும் முடியாத கலையைச் செய்வது அவர்களுடைய கனவு. மைக்கேல் ஹைசர் 1969இல் நெவாடாவில் ஒரு மேட்டுநிலத்தின் விளிம்பில் சுமார் 2,40,000 டன் பாறையை வெட்டித் தள்ளி இரண்டு பெரும் பள்ளங்களை உண்டாக்கினார். அதற்கு ‘இரட்டை எதிர்மறை’ என்று பெயர். ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் யூட்டாவின் உப்பு ஏரிக்குள் 1,500 அடி நீளத்துக்குக் கல்லாலும் மண்ணாலும் ஒரு சுருளை அமைத்தார். வால்டர் டி மரியா 1977இல் நியூ மெக்சிகோவில் ஒரு மைல் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள வெளியில் 400 எஃகுக் கம்பங்களை நட்டார். மின்னல் இறங்குவதற்கான வயல் அது. பார்க்கப் போகிறவர்கள் அங்கேயே ஒரு குடிலில் இரவு தங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஆறு பேருக்குத்தான் இடம். தனிமைதான் நிலக்கலையின் சாரம் என்பது டி மரியாவின் கருத்து.

இவற்றை நான் ஏளனம் செய்யவில்லை. ஸ்மித்சனின் சுருள் ஏரி நீர் ஏறியபோது பல பத்தாண்டுகள் மூழ்கிக் கிடந்தது, பிறகு உப்புப் பூத்து வெளியே வந்தது. காலத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த படைப்பு அது. சந்தைக்கு எதிரான அந்தக் கோபமும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபம் எந்த நிலத்தின்மேல் நடந்தது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஹைசர் மண்ணை வெட்டிய அதே நெவாடாவில்தான் அமெரிக்க அரசு 1951 முதல் 1992 வரை 900க்கும் மேற்பட்ட அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. அந்த நிலம் மேற்கு ஷோஷோனி மக்களுடையது. 1863இல் அவர்களோடு அமெரிக்க அரசே உடன்படிக்கை செய்திருந்தது. குண்டு வைத்தவனும் கலை செய்தவனும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இருவருமே ஒரே வாக்கியத்தை நம்பினார்கள்: ‘இங்கே ஒன்றும் இல்லை.’ அந்த வாக்கியத்தைக் கலைஞர்கள் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே துப்பாக்கியும் சட்டமும் எழுதி வைத்திருந்ததை அவர்கள் அழகியலாக மொழிபெயர்த்தார்கள். நம்முடைய அரசும் 1974 மே 18 அன்றும், பிறகு 1998 மே 11, 13 தேதிகளிலும் பொக்ரானில் குண்டு வெடித்தபோது ‘பாலைவனத்தில் சோதனை’ என்றுதான் பத்திரிகைகள் எழுதின. பக்கத்திலேயே கேதோலாய் என்று ஒரு கிராமம் இருப்பது செய்திகளின் வாலில் வந்தது.

2

கிளம்புவதற்கு முன்னால் சரவணம்பட்டியில் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகப் போனோம். அவர் கேட்டார்: “அந்த வெறுங்காட்டுல போயி என்னத்தைங் கண்ணு பாக்கப் போறீங்க?”

சாதாரணக் கேள்விதான். ஆனால் இந்த ‘வெறுங்காடு’ என்கிற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கொங்கு வழக்கில் காடு என்றால் வனம் இல்லை. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், மழையை நம்பி உழுதால் காடு. ‘காட்டுக்குப் போயிட்டு வரேன்’ என்றால் வேலைக்குப் போய் வருகிறேன் என்று பொருள். அதாவது காடு என்கிற சொல்லுக்குள்ளேயே மனித உழைப்பு இருக்கிறது. அப்படியானால் வெறுங்காடு? இந்த வருசம் விதைக்காமல் கிடக்கிற காடு. மழை தப்பிப் போயிருக்கும், ஆள் கிடைத்திருக்காது, இல்லை வேண்டுமென்றே ஆறப்போட்டிருப்பார்கள். வெறுமை அங்கே நிலத்தின் இயல்பு அல்ல, அதற்கு வாய்த்த ஒரு பருவம்.

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை வெளியூர்க்காரனுக்குக் காட்டினால் வறண்ட பொட்டல் என்பான். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர விட்டு, ஊடே வெள்வேல மரம் நிறுத்தி, மாட்டையும் ஆட்டையும் முறைவைத்து மேய்க்கிற ஏற்பாடு அது. பார்க்கத் தெரியாத கண்ணுக்குத்தான் அது காலி.

நம் இலக்கணமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. தொல்காப்பியம் நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொல்லிவிட்டுப் பாலையை நிலப் பகுப்பிலிருந்து விலக்கி வைக்கிறது. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது எடுக்கிற வடிவமே பாலை என்று வருகிறது. பாலை ஒரு இடமாக இல்லாமல் வேனிலில் நிலத்துக்கு நேர்கிற நிலையாக அங்கே இருக்கிறது. மழை வந்தால் அது மறுபடி முல்லையாகலாம். நான் இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பருவமாக இருந்த ஒன்றை நிரந்தர இடமாக மாற்றுகிற வேலையைப் பிற்பாடு யார் செய்தார்கள் என்று பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

3

வெள்ளிக்கிழமை ராத்திரி சிங்காநல்லூரில் பஸ் ஏறினோம். சனிக்கிழமை திருச்செந்தூர். அங்கிருந்து காயாமொழி. ஊரைத் தாண்டியதும் மண் சிவக்கத் தொடங்குகிறது. பனை, முந்திரி, உடைமரம். அதையும் தாண்டினால் ரத்தச் சிவப்பில் மேடும் பள்ளமுமாக மணல். ஆனிக் காற்று கணவாய்களின் வழியே இறங்கி வந்து மணலைத் தூக்கி அடிக்கிறது. காலையில் நாம் வைத்த அடிச்சுவடு மத்தியானம் இருப்பதில்லை. மணல்துகளின் மேல் படிந்திருக்கிற இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களும் அதில் கலந்திருக்கின்றன. சிவப்பு சினிமாக்காரர்களை இழுக்கிறது, கனிமம் கம்பெனிகளை இழுக்கிறது.

பனைக்கடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை விசாரித்தார். “எங்கேருந்து வாறிய? கோயமுத்தூரா? அம்புட்டுத் தூரத்துலேருந்து மண்ணு பாக்கவா வந்திய?” எங்களில் ஒருவர், இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே என்று சொல்லிவிட்டார். பெரியவருக்குச் சிரிப்பு. “காலியாக் கெடக்குன்னு ஒமக்கு யாரு சொன்னா? பனைக்கு ஆளு ஏறாமப் போனதுனால ஒமக்குக் காலியாத் தெரியுது. நான் ஏறுன பனை ஒவ்வொண்ணையும் எனக்குத் தெரியும்.” பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிய தலைமுறை அவருடையது. உடன்குடிக் கருப்பட்டி என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த மண்ணும் இவருடைய முழங்காலும்தான்.

தேரி எப்போது காலியாக இருந்தது? சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் எழுதினார்கள். இரும்பு வருவதற்கு முன்பே இங்கே மனிதர் உட்கார்ந்து கல் உடைத்திருக்கிறார்கள். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் தேரிக்கு நடுவே சுனை இருக்கிறது. மணல் குடித்த மழை ஊற்றாக வெளியே வருகிறது. 2023 டிசம்பர் 17, 18இல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இதையா பாலைவனம் என்கிறோம்?

ஆனாலும் பாலைவனம் என்றார்கள். 1841இலிருந்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1849இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த நிலத்தையும் இங்கே வாழ்ந்த நாடார்களையும் ஒருசேர வருணித்தார். வறண்ட செம்மணல், பனை, பேய்வழிபாடு என்கிற மூன்றும் ஒரே சித்திரமாக அதில் பிணைக்கப்பட்டன. நிலம் வெறுமை, ஆகவே மக்களும் ஆன்மிக வெறுமை. அந்தச் சித்திரத்தை அந்த மக்களே பின்னர் எதிர்த்தார்கள் என்பது முக்கியம். ஆனால் வருவாய்த்துறையின் மொழி எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்வதில்லை. அதில் தரிசு, புறம்போக்கு என்று ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். ஒரு வருசத்து நிலை அங்கே நிலத்தின் சாதிப் பெயர்போல ஒட்டிக்கொள்கிறது.

2007 ஜூனில் டாடா ஸ்டீல் நிறுவனத்துக்கும் தமிழக அரசுக்கும் இடையே டைட்டானியம் டை ஆக்சைடு ஆலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. 2,500 கோடி ரூபாய்த் திட்டம். சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரி நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தேவைப்பட்டது. ஆதரித்தவர்கள் சொன்ன வாதம் என்ன? ஒன்றும் விளையாத பூமிதானே, கொடுத்தால் என்ன. மக்கள் எதிர்த்தார்கள், அரசு திட்டத்தை நிறுத்தி வைத்தது, பிறகு அது நடக்கவில்லை. அந்தப் போராட்டம் ஒரு விதத்தில் ஒரு சொல்லுக்கு எதிரான போராட்டம். விளையாத பூமி என்று சொன்னவர்களிடம் பனையையும் முந்திரியையும் கிணற்று நீரையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த இடத்தைத் தேர்ந்ததற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும்போது அங்கிருந்த பெயர்கள் எந்தப் பதிவேட்டில் ஏறும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

4

இனி சாமிகளுக்கு வருவோம். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் மாடன்களும் பேச்சியும் புடைசூழ நிற்கிறார்கள். சிலைகளைப் பார்த்துவிட்டு ‘எங்களுக்கும் வெட்டவெளிக் கலை உண்டு’ என்று எழுதிவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. சிலைகளைவிட முக்கியமானது வருசத்தில் ஒரு நாள் நடக்கிற சடங்கு. கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் தறுவாயில் கோயிலுக்குப் பின்னால் உள்ள தேரியில் ‘கள்ளர் வெட்டு’ நடக்கிறது. கள்ளனை அய்யனார் தண்டித்த கதை அது. கள்ளனுடைய தலைக்குப் பதிலாக இளநீர். வெட்டியதும் இளநீர் சிதறி மணல் நனைகிறது. கூடியிருக்கும் பெருங்கூட்டம் அந்த ஈர மணலை அள்ளப் பாய்கிறது. அள்ளிய மண்ணை வீட்டிலும் கடையிலும் வயலிலும் வைத்துக்கொள்கிறார்கள். பெருகும் என்று நம்பிக்கை.

ஸ்மித்சன் 1968இல் ‘இடமற்றது’ என்ற தலைப்பில் ஒரு தொடர் செய்தார். நியூ ஜெர்சியின் கைவிடப்பட்ட இடங்களிலிருந்து கல்லையும் மண்ணையும் அள்ளி வந்து உலோகப் பெட்டிகளில் போட்டுக் கலைக்கூடத்தில் வைத்தார், கூடவே வரைபடமும். வெளியே இருக்கிற இடத்துக்கும் உள்ளே இருக்கிற மண்ணுக்குமான இடைவெளிதான் கலை என்றார். கள்ளர் வெட்டிலும் மண் இடம் மாறுகிறது. ஆனால் மண் போய்ச் சேர்கிற இடம் பார்வையாளனின் கண் அல்ல. அது கல்லாப் பெட்டிக்கும் வயல் வரப்புக்கும் போகிறது. எடுத்துப் போனவன் அடுத்த வருசம் திரும்பி வர வேண்டும். டி மரியாவின் வயலில் ஆறு பேர், தனிமை. இங்கே தள்ளுமுள்ளு. தேரியை யாரும் காலி என்று சொல்ல முடியாதபடி ஒரு நாள் கூட்டம் நிரப்பிவிட்டுப் போகிறது. அந்த ஒரு நாள் மீதி நாட்களுக்கும் உரிமைப் பத்திரம்போல வேலை செய்கிறது.

இதோடு நிறுத்தினால் நானும் நாட்டார் பஜனையில் சேர்ந்துவிடுவேன். சடங்கின் உள்ளே இருக்கிற வன்முறையையும் பேச வேண்டும். வெட்டப்படுகிற தலை யாருடையது? எந்த ஊரிலும் ‘கள்ளன்’ என்கிற பட்டம் எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. சொத்துள்ளவன் கதை சொல்கிறான், இல்லாதவன் கள்ளனாகிறான். குற்றப்பரம்பரைச் சட்டம் வைத்திருந்த நாட்டில் ‘கள்ளனை வெட்டுதல்’ என்பதை வெள்ளந்தியாக ரசிக்க முடியாது. ஆனால் இந்தப் பிரதி தன்னையே ஒரு இடத்தில் மீறுகிறது. கூட்டம் எதை அள்ளிக்கொண்டு போகிறது? தண்டித்த சாமியின் திருநீற்றை மட்டுமல்ல, தண்டிக்கப்பட்டவனின் ரத்தமாகப் பாவிக்கப்படுகிற ஈரத்தை. கொலையுண்டவர்களைத் தெய்வமாக்கும் தென்மாவட்டத்து மரபை நா. வானமாமலையிலிருந்து நம் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் விரிவாகவே காட்டியிருக்கிறார்கள். இங்கே கள்ளன் தெய்வமாகவில்லை. ஆனால் வளம் அவனிடமிருந்துதான் வருகிறது என்று கூட்டத்தின் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது. கதை சொத்துக்காரன் பக்கம், மண் கள்ளன் பக்கம். இந்த முரணைத் தீர்த்து வைக்காமல் வருசாவருசம் நிகழ்த்திக்காட்டுவதால்தான் அதை நான் கலை என்கிறேன்.

5

அமெரிக்காவிலேயே இதற்கு நெருக்கமான ஒருவர் இருந்தார். நோவா பியூரிஃபாய், கறுப்பினக் கலைஞர். 1965இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பர் எழுச்சி நடந்தபோது எரிந்து உருகிய குப்பைகளைப் பொறுக்கி, சக கலைஞர்களோடு சேர்ந்து 1966இல் ‘நியானின் 66 குறிகள்’ என்ற கண்காட்சியை உருவாக்கினார். 1989இல் மொஹாவே பாலையில் ஜோஷுவா ட்ரீ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, 2004இல் இறக்கும்வரை பழைய கழிப்பறைக் கோப்பை, டயர், தகரம், கிழிந்த துணி இவற்றைக் கொண்டு வெட்டவெளியில் சிற்பங்கள் கட்டினார். வெயிலும் காற்றும் அவற்றை அரித்துக்கொண்டிருக்கின்றன. ஹைசர் மண்ணைத் தோண்டி எடுத்தார் என்றால், பியூரிஃபாய் நகரம் கழித்துப் போட்டவற்றைப் பாலைக்குக் கொண்டுவந்து நட்டார். அவருடைய பாலை காலியாக இல்லை. நகரத்தின் வரலாறு அங்கே துருப்பிடித்து நிற்கிறது.

பாலையின் மௌனத்தை விற்கிற கலைத் திருவிழாக்கள் இப்போது பெருகிவிட்டன. கலிபோர்னியாவின் ‘டெசர்ட் எக்ஸ்’ 2020இல் சவூதி அரசோடு கைகோத்து அல்உலாவில் கண்காட்சி நடத்தியது. அதை ஏற்க முடியாமல் ஓவியர் எட் ரூஷே உட்பட மூன்று பேர் 2019இலேயே அதன் குழுவிலிருந்து விலகினார்கள். சந்தையிலிருந்து தப்பிக்கப் பாலைக்கு ஓடிய கலை, அரைநூற்றாண்டில் அரசுகளின் விளம்பரப் பலகையாக வந்து நிற்கிறது. வெறுமையை நம்பிய கலைக்கு இது விபத்தல்ல. வெறுமையை யார் அறிவிக்கிறார்களோ அவர்களுடைய பணத்தில்தான் அது நின்றாக வேண்டும்.

வெட்டவெளியில் நிற்கிற எந்தக் கலையைப் பற்றியும் விமர்சகன் கேட்க வேண்டியதாக எனக்குத் தோன்றுவது மூன்று கேள்விகள். இது வருவதற்கு முன் இந்த இடத்துக்கு என்ன பெயர்? அந்தப் பெயரைச் சொன்னவர்கள் இப்போது எங்கே? பார்த்துவிட்டுப் போகிறவன் எதை எடுத்துப் போகிறான், எதற்காகத் திரும்பி வருகிறான்? வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 2017 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 112 அடி ஆதியோகி முகத்துக்கு முன்னால் விடுமுறை நாட்களில் கோவையே திரண்டு படம் எடுக்கிறது. யானையும் இருளர்களும் தடம்போட்டு வைத்த அடிவாரம் அது. அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

சரவணம்பட்டியிலும் கேட்கலாம். 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை பேரூராட்சி. சத்தி ரோட்டின் இருபுறமும் மென்பொருள் வளாகங்களும் அடுக்குமாடிகளும் எழுவதற்கு முன்னால் இங்கே இருந்தவையும் காடுகள்தான், கொங்குத் தமிழில் சொல்கிற காடுகள். மழை தப்பிய வருசங்களில் அவை வெறுங்காடாகக் கிடந்தன. வெறுங்காடு என்றால் அடுத்த மழைக்குக் காத்திருக்கிற காடு என்று ஊருக்குத் தெரியும். வாங்க வந்தவர்களுக்கு அது ‘காலி இடம்’ என்று கேட்டது. அப்புறம் சைட்டு, அப்புறம் கேட் போட்ட குடியிருப்பு. அதன் முகப்பில் இப்போது நீரூற்றும், எந்த ஊருக்கும் பொருந்தக்கூடிய ஒரு கண்ணாடி இழைச் சிலையும் நிற்கின்றன. அந்தக் காட்டில் களையெடுத்த பெண்களில் சிலர் அதே குடியிருப்பில் கூட்டிப் பெருக்குகிறார்கள். எந்தச் சுவருக்குக் கீழே எந்தக் காடு இருக்கிறது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.